கேட்டலும் கண்டறிதலும்

குரலொன்று காதில் விழுவதும், அக்குரலுக்குரியவர் இருக்குமிடம் தெரிவதும் ஒன்றல்ல. கடலிலே இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வேறுபாடு சில வேளைகளில் உயிரையே விலையாகக் கேட்கிறது.

1937ஆம் ஆண்டு யூலை 2ஆம் நாள் அமெலியா ஏர்ஹாட்டும் அவருக்கு வழிகணித்துதவிய பிரெட் நூனனும் நியூகினியின் லே நகரிலிருந்து விமானத்திற் புறப்பட்டனர். ஏறத்தாழ 4,100 கிலோமீற்றருக்கு அப்பால், மூன்று கிலோமீற்றர் நீளமுமில்லாத ஹவுலண்ட் தீவே அவர்களது இலக்கு. வழிகாட்டுவதற்கென இற்றாஸ்கா என்னும் அமெரிக்கக் கரையோரக் காவற்கப்பல் அங்கே காத்து நின்றது. அமெலியாவின் குரல் கப்பலில் உரத்துக் கேட்டது. ஆயினும் அது எத்திசையிலிருந்து வருகிறதென அறிய இயலவில்லை.

திசையறி கருவியின் தத்துவம் எளியது. கம்பி வளையமொன்றைச் சுழற்றும்போது அதன் விளிம்பு ஒலிபரப்பியை நோக்கினால் ஓசை ஓங்கும். அதன் முகம் நோக்கினால் ஓசை அடங்கும். அடங்கும் நிலையே கூர்மையானது. ஆதலால் ஓசையைக் கொண்டன்றி மௌனத்தைக் கொண்டே திசை குறிக்கப்படுகிறது. ஆனால் ஒரே வளையம் எல்லா அலைவரிசைகளுக்கும் பொருந்துவதில்லை. கப்பலின் கருவி 500 கிலோஹேட்சை அண்டிய தாழ்ந்த அதிர்வெண்களுக்குரியது. அமெலியா பேசியதோ 3105இல். அவர் வேண்டியபடி கப்பல் 7500இல் குறியொலி அனுப்பியது. அது அவருக்குக் கேட்டது. எனினும் அத்துணை உயர்ந்த அதிர்வெண்ணில் அவரது வளையம் அடங்குநிலையைக் காட்டவில்லை. தீவில் வைக்கப்பட்டிருந்த மற்றொரு கருவி திசை குறிப்பதற்கு அவரது பேச்சுக்கள் மிகக் குறுகியனவாயிருந்தன. பின்னர் குரலும் நின்றது. இன்றுவரை இருவரும் கண்டறியப்படவில்லை.

இரு பக்கத்தாரிடமும் கருவி இருந்தது, நல்லெண்ணமும் இருந்தது. எந்த அலைவரிசையில் எவர் எவரைத் தேடுவது என்ற முன்னுடன்பாடு மட்டுமே இருக்கவில்லை.

இன்று ஆபத்திலுள்ள கப்பலின் மிதவை 406 மெகாஹேட்சில் செய்மதியை அழைக்கிறது. அவ்வாறிருந்தும் பல மிதவைகள் 121.5 மெகாஹேட்சிலும் ஒலியெழுப்புகின்றன. இறுதிச் சில மைல்களை மீட்போர் அதன் திசையைப் பற்றியே கடக்கின்றனர். பயில்நிலை வானொலியாளர் காட்டில் ஒலிபரப்பியை ஒளித்துவைத்து, அதனைத் தேடிக் கண்டறியும் ‘நரி வேட்டை’யும் வெறும் பொழுதுபோக்கன்று, அது தேடுதற்குரிய கையையும் செவியையும் பழக்கும் பயிற்சியாகும்.

துயருற்றோர் குரலைக் கேட்டுவிட்டோம் என்பதனாலேயே கடமை முடிந்ததென எண்ணுவது மனித இயல்பு. கேட்டவர் தமது வளையத்தை அக்குரலுக்கேற்ப அமைத்துத் திருப்பாதவரை, அழைத்தவர் கடலிலேயே இருக்கிறார்.