பந்தியில் வந்த பட்டுப்புழு

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் கொரியாவில் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்குப் புதன்கிழமை என்றால் வாலிபால். அன்று பிள்ளைகள் சீக்கிரமே வீட்டுக்குப் போய்விடுவார்கள். உள்விளையாட்டு அரங்கில் நெட் கட்டி, தலைமையாசிரியர் முதல் நேற்று வேலைக்குச் சேர்ந்த டீச்சர் வரை இரண்டு அணியாகப் பிரிந்து ஆடுவார்கள். தலைமையாசிரியர் போடும் சர்வீஸ் நெட்டில் பட்டு விழுந்தால், நாலு பக்கமும் சுவர் அடைத்த அந்த அரங்கில் காற்று அடித்துவிட்டதைப் போல எல்லாரும் உச்சுக் கொட்டுவார்கள். ஆட்டம் முடிந்த கையோடு சாப்பாடு. ஹ்வேசிக் என்பார்கள், ஒரே இடத்தில் வேலை பார்ப்பவர்கள் சேர்ந்து சாப்பிடும் இரவுப் பந்தி. விருப்பம் இருந்தால் வரலாம் என்றுதான் அறிவிப்பு வரும். விருப்பம் இல்லாதவர் யாரையும் முதல் வருஷத்தில் நான் பார்க்கவில்லை.

ஆரணிக்காரனான எனக்கு அங்கே என்ன வேலை என்று கேட்கலாம். இந்தியாவும் தென்கொரியாவும் செய்துகொண்ட பொருளாதார ஒப்பந்தம் 2010 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது. சுங்க வரி, முதலீடு என்று நீளும் அந்தக் காகிதக் கட்டின் ஒரு மூலையில், பட்டமும் ஆங்கில ஆசிரியர் சான்றிதழும் வைத்திருக்கும் இந்தியர்கள் கொரியப் பள்ளிகளில் துணை ஆசிரியராகச் சேரலாம் என்று ஒரு வரி இருக்கிறது. அதற்கு முன் அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா என்று ஏழு நாட்டுக்காரர்களுக்குத்தான் அந்தக் கதவு திறந்திருந்தது. எட்டாவது நாட்டிலிருந்து போனவர்கள் சொற்பம். நான் வகுப்புக்குள் நுழைந்து வணக்கம் சொல்லி முடித்ததும் ஒரு பையன் எழுந்து, ஆங்கில ஆசிரியர் எப்போது வருவார் என்று கேட்டான்.

மதியச் சாப்பாட்டில் எனக்குக் கஷ்டம் ஒன்றும் இல்லை. ஐந்து குழி போட்ட எவர்சில்வர் தட்டு. சோறு, சூப்பு, கிம்ச்சி, பொரியலோ வறுவலோ இரண்டு. பிள்ளைகள் உட்காரும் அதே கூடத்தில்தான் ஆசிரியர்களும் உட்கார வேண்டும். ஆசிரியர் மட்டும் காசு கட்ட வேண்டும். அந்த இலவசத் தட்டு சும்மா வந்துவிடவில்லை. எல்லாப் பிள்ளைக்கும் இலவசமா, ஏழைப் பிள்ளைக்கு மட்டுமா என்று 2011 ஆகஸ்ட் 24 அன்று சியோலில் பொது வாக்கெடுப்பே நடந்தது. ஏழைகளுக்கு மட்டும் போதும் என்று நின்ற மேயர் ஓ செ-ஹூன் தோற்றார். மூன்றில் ஒரு பங்குப் பேர் ஓட்டுப் போட்டிருந்தால்தான் எண்ணுவார்கள். வந்தவர்கள் நூற்றுக்கு இருபத்தைந்து சொச்சம். பெட்டியைத் திறக்காமலே மேயர் பதவி விலகினார். 1956இல் காமராஜரும் 1982இல் எம்.ஜி.ஆரும் போட்ட சோற்றைக் கேள்விப்பட்டு வளர்ந்த எனக்கு, சோறு போட ஒரு நகரம் ஓட்டுப்பெட்டி வரை போனது வேடிக்கையாக இருந்தது. எங்கள் ஊரில் தட்டை நீட்டினால் போட்டுவிடுவார்கள். முட்டைக்குத்தான் சண்டை.

சோறுதான் பழக நாள் பிடித்தது. சென்னைக் கடைகளில் ஆரணி அரிசி என்று எழுதிய மூட்டைகளைப் பார்த்திருப்பீர்கள். எங்கள் ஊரில் பட்டுக்கு அடுத்து ரைஸ் மில்தான். பருக்கை பருக்கையாக உதிர்ந்தால்தான் அது சோறு, ஒட்டினால் பொங்கல் என்று வளர்ந்தவனுக்கு முன்னால், கரண்டியில் எடுத்தால் உருண்டையாக வரும் சோற்றை வைத்தால் என்ன செய்வான்? குழம்பு ஊற்றிப் பிசைய வழியில்லை. கிண்ணத்தைக் கையில் தூக்கவும் கூடாது. அது மரியாதை இல்லையாம்.

ஹ்வேசிக்குக்கு வருகிறேன். வழக்கமாகப் பன்றியின் வயிற்றுக் கறி. மேசை நடுவில் அடுப்பு, மேலே தட்டு, கத்தரிக்கோலால் கறியை வெட்டிச் சுடுவார்கள். வாசலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இளையவர்தான் சுட வேண்டும். உள்ளே நடுவில் தலைமையாசிரியர். அவர் கரண்டியை எடுத்த பிறகுதான் மற்றவர்கள் எடுப்பார்கள். தன் கிளாஸில் தானே ஊற்றிக்கொள்ளக் கூடாது. பக்கத்தில் இருப்பவர் காலியான கிளாஸைக் கவனித்து ஊற்ற வேண்டும். பெரியவர் ஊற்றினால் இரண்டு கையாலும் ஏந்தி வாங்கி, முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக் குடிக்க வேண்டும். நான் குடிப்பதில்லை என்றதும் சோஜு ஊற்றும் அந்தச் சின்ன கிளாஸிலேயே சைடர் ஊற்றினார்கள். அங்கே சைடர் என்பது எலுமிச்சை சோடா. சோடாவுக்கும் இரண்டு கை, முகம் திருப்பல், எல்லாம் உண்டு. பன்றியும் மாடும் வேண்டாம் என்றேன். முகம் சுளிக்கவில்லை. கீரையிலையில் சோறு, பூண்டு, காரமான பயற்று விழுது வைத்துச் சுருட்டி ஒருவர் கொடுக்க, வாயைத் திறந்து வாங்கிக்கொண்டேன். புரட்டாசியில்தான் திண்டாட்டம். கிம்ச்சியிலேயே உப்பிட்ட இறால் இருக்கிறது என்று தெரிந்தபின் எதைத் தொடுவது? மூன்றாம் வகுப்பு டீச்சர் ஒருவர் மலைமேல் இருக்கும் புத்தர் கோயிலுக்குக் கூட்டிப்போனார். அங்கே கறி மீன் இல்லாதது மட்டுமல்ல, வெங்காயம் பூண்டும் கிடையாது. ஏகாதசிக்குச் சமைத்தது போல இருந்தது. ஊர் ஞாபகம் வந்து ரெண்டு தட்டுச் சாப்பிட்டேன்.

நம் பக்கத்துப் பள்ளிகளில் ஆசிரியர்கள் டிபன் பாக்ஸைத் திறந்து குழம்பைப் பகிர்ந்துகொள்வார்கள். தலைமையாசிரியர் தன் அறையில் தனியாகச் சாப்பிடுவார். யாராவது ஓய்வு பெற்றால் அண்டாவில் பிரியாணி வரும், அன்றைக்கு மட்டும் ஒரே கூடம். அங்கேயோ அதிகாரம் வாராவாரம் பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஊற்றிக் கொடுக்கும். எது சுகம் என்று கேட்டால், சில புதன்கிழமைகளில் நம் ஊர் ஏற்பாடே மேல் என்று நினைத்ததுண்டு. குறிப்பாக இளம் டீச்சர்கள் பாடு. கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தபடி கறியைப் புரட்டிக்கொண்டிருப்பார்கள். முதல் சுற்று ஒரு கடை, இரண்டாம் சுற்று வேறு கடை, மூன்றாவது பாட்டுப் பாடும் அறை என்று போகும். இது அந்த ஊருக்கே சலித்துத்தான், ஒரே வகைச் சாராயம், ஒரே கடை, ஒன்பது மணிக்குள் வீடு என்று 119 கணக்கு ஒன்றைக் கொண்டுவந்தார்கள். 2016 செப்டம்பரில் வந்த லஞ்ச ஒழிப்புச் சட்டமும் சேர்ந்துகொண்டது. வெளியாட்கள் ஆசிரியருக்கு வாங்கித்தரும் சாப்பாட்டுக்கு 30,000 வோன் என்று வரம்பு போட்டது. கொரோனா மிச்சத்தை முடித்தது. இப்போது இளையவர்கள் மதியமே பந்தியை வைத்துக்கொண்டு மாலையில் வீட்டுக்குப் போகிறார்கள்.

எனக்கு மறக்காதது இரண்டாம் சுற்று ஒன்று. சின்ன பீர்க்கடை. உட்கார்ந்ததும், கேட்காமலே, சின்ன அடுப்பின்மேல் ஒரு சட்டியைக் கொண்டுவந்து வைத்தார்கள். பழுப்பு நிறக் குழம்பு தளதளவென்று கொதிக்கிறது. கண்ணுக்கு முன்பே மூக்கு கண்டுபிடித்துவிட்டது. இது சாயப்பட்டறை வாசனை. ஆரணியில் பச்சைப் பட்டு நூலைச் சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்க வைத்துப் பசையெடுப்பார்கள். அப்போது பட்டறை முழுக்க ஒரு கனத்த ஆவி எழும்பும். சின்ன வயதில் சாப்பாட்டுக் கேரியரோடு போகும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடுவேன். அதே நெடி. சட்டிக்குள் எட்டிப் பார்த்தேன். வரி வரியாக உடம்பு மடிந்த கூட்டுப்புழுக்கள்.

பொந்தேகி என்றார்கள். பட்டுக்கூட்டிலிருந்து நூலை எடுத்தபின் உள்ளே மிஞ்சும் புழு. நான் சேர்ந்த அன்றே பட்டு நெய்யும் ஊர்க்காரன் என்று பெருமையாகச் சொல்லி வைத்திருந்தேன். துணைத் தலைமையாசிரியருக்கு அது ஞாபகம் இருந்தது. பட்டு ஊர்க்காரருக்குத்தான் முதல் கரண்டி என்று என் பக்கம் தள்ளினார். உங்கள் ஊரில் இதை வறுப்பீர்களா, அவிப்பீர்களா?

கேள்வி நியாயமானது. பட்டு இருந்தால் புழு இருக்க வேண்டுமே. ஆனால் எங்கள் தெருவில் யாரும் கூட்டைக் கண்டதில்லை, புழுவையும் கண்டதில்லை. எங்களுக்குப் பட்டு என்பது நூல் கட்டாக வருவது. ராமநகரத்திலும் சித்லகட்டாவிலும் கூட்டை ஏலம் எடுத்து, வெந்நீரில் போட்டு, நூலைச் சுற்றி எடுப்பார்கள். ஒரு கூட்டில் ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் இழை அறுபடாமல் கிடைக்க வேண்டுமென்றால் அந்துப்பூச்சி துளை போட்டு வெளியே வருவதற்கு முன்பே உள்ளிருப்பதைக் கொன்றாக வேண்டும். அதன் பிறகு முறுக்கு, சாயம், பாவு. அதற்கப்புறம்தான் எங்கள் வீட்டுக் குழித்தறி. அப்பா நாடாவை அடிப்பார், அம்மா தார் சுற்றுவாள். விடியற்காலையில் தெருவில் பாவை விரித்து நிற்கும்போது அந்த இழைகளைப் பார்த்தால் அதற்கு முன்னால் ஓர் உயிர் இருந்தது என்றே தோன்றாது.

எங்கள் ஆயா, பட்டுக்குத் தீட்டில்லை என்பாள். குளித்துவிட்டுத் துவைத்த பருத்திப் புடவை காயவில்லை என்றால் பழைய பட்டைச் சுற்றிக்கொண்டு சாமி கும்பிடுவாள். கொன்று எடுத்த நூல்தான் நமக்கு எல்லாவற்றையும்விட மடி. இது யாருக்கும் உறைக்கவில்லை என்று சொல்ல முடியாது. பட்டுக்குப் பேர்போன காஞ்சிபுரத்தின் மடத்திலிருந்தே, சந்திரசேகரேந்திர சரசுவதி சுவாமிகள் பட்டு வேண்டாம் என்று பக்தர்களிடம் சொல்லிவந்தார். ஹைதராபாத்தில் குசுமா ராஜய்யா, பூச்சி பறந்துபோன கூட்டிலிருந்து நூற்ற பட்டைத் தறிக்குக் கொண்டுவந்தார். இரண்டும் ஆரணியின் கல்யாணப் புடவையை அசைக்கவில்லை. அசைத்திருந்தால் நான் படித்திருக்க மாட்டேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

துணைத் தலைமையாசிரியர் பல்குத்தும் குச்சியால் ஒவ்வொன்றாகக் குத்தி எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டே தன் கதையைச் சொன்னார். 1960களிலும் 70களிலும் பட்டு அவர்கள் நாட்டின் பெரிய ஏற்றுமதி. நூல் ஆலைகளிலிருந்து புழு மலிவாக வரும். போருக்குப் பின் வறுமையில் கிடந்த நாட்டில் கறி கண்ணில் படாது. பள்ளி வாசலில் காகிதக் கூம்பில் அள்ளிக் கொடுக்கும் இந்தப் புழுதான் சத்து. அவருக்கு அது பிள்ளைப் பருவம். எதிரே உட்கார்ந்திருந்த இருபத்தைந்து வயது டீச்சர் சட்டியின் பக்கமே திரும்பவில்லை. அருவருப்பு இந்தியனுக்கு மட்டும் சொந்தமில்லை என்று தெரிந்ததும் எனக்குத் தைரியம் வந்து ஒன்றை வாயில் போட்டேன். ஈர மண்ணுக்குள்ளேயே வெந்த வேர்க்கடலை மாதிரி இருந்தது. மோசமில்லை. இரண்டாவது எடுக்கவில்லை.

அப்புறம் ஒரு டீச்சர் கேட்ட கேள்விதான் வீடு வரை வந்தது. அப்படியானால் உங்கள் நாட்டுப் புழுவெல்லாம் எங்கே போகிறது? விசாரித்தேன். அசாமில் எரிப் பட்டுப்புழுவை விரும்பிச் சாப்பிடுகிறார்கள். தெற்கே பெரும்பாலும் எண்ணெய் எடுக்கவும், கோழித் தீவனம், மீன் தீவனம், எருவுக்கும் போகிறது. ஆரணியில் ஞாயிற்றுக்கிழமை கறிக்கோழிக்குள் அது வந்திருக்கக்கூடும்; யார் கண்டது? கொரியாவின் கதை இன்னும் விநோதம். 1988 ஒலிம்பிக் நடந்த சம்ஷில் பகுதி ஒரு காலத்தில் அரசு பட்டுப்புழு வளர்த்த இடம். ராணிகளே முசுக்கொட்டை இலை பறிக்கும் சடங்கு செய்த நாடு அது. இப்போது அங்கே நூலுக்காகப் புழு வளர்ப்பது ஏறக்குறைய நின்றே போயிற்று. வளர்ப்பவர்களும் புழுவை உலர்த்திப் பொடியாக்கி, சர்க்கரை நோய்க்கு நல்லது என்று விற்கிறார்கள். தின்கிற பொந்தேகி பெருமளவு சீனாவிலிருந்து டப்பாவிலும் மூட்டையிலும் வருகிறது. தமிழ்நாட்டுத் தறிகளுக்கு வரும் நூலிலும் ஒரு பங்கு சீன நூல்தான்.

விடுமுறையில் ஊருக்குப் போனபோது இதை அப்பாவிடம் சொன்னேன். தறிக்குழியில் காலை விட்டபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

ஆயாதான் முந்திக்கொண்டாள். “புழுவையா துன்னுறாங்க? இன்னாடா கண்ணு சொல்ற? நீ துன்னியா?”

“ஒண்ணே ஒண்ணு, ஆயா.”

“காரம் கீரம் போட்டாங்களா?”

அப்பா நாடாவைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் யோசித்தார். “அப்ப சீனாக்காரன் ஒரே கூட்டுல நூல நமக்கு விக்கிறான், புழுவ அவங்களுக்கு விக்கிறான். ஒரு செலவு, ரெண்டு வரும்படி. நாங்க புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரும் பாடுபட்டு ஒத்தக் கூலி வாங்குறோம்.”

“இப்பவாவது வாயில வந்துச்சே” என்றாள் அம்மா, தார் சுற்றுவதை நிறுத்தாமல்.