"ஒரு நிமிஷம், இதோ வர்றேன்!"

நான் பி.காம். வாழ்க்கையையே பற்று, வரவு என்று இரண்டாகக் கோடு போட்டுப் பார்க்கிற ரகம். பத்திரிகைகளுக்கு எழுதுவது போக, நாலைந்து கடைகளுக்குக் கணக்கும் எழுதுகிறேன். ஞாயிறு ஆராதனை, சபைக் கமிட்டி, பாடகர் குழு என்று ஆண்டவருக்கும் நேரம் ஒதுக்கிவிடுவேன். விளையாட்டுக்கு? பேரேட்டில் அந்தத் தலைப்பில் பக்கமே திறக்கவில்லை!

போன ஏப்ரலில் என் மனைவி பிடிவாதமாக, கொல்லிமலை குண்டனி நாட்டில் இருக்கும் தோழி வீட்டுக்கு எங்களை இழுத்துப் போனாள். 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் என் வயிறு தனியாக ஒரு திருப்பம் எடுத்தது. மேலே போனதும் முதல் வேலையாகத் திண்ணையில் உட்கார்ந்து செல்போனுக்கு டவர் தேடினேன்.

எதிரே பலாமரத்தடியில் என் எட்டு வயது மகளும் அந்த வீட்டுப் பிள்ளைகளும் அப்பா-அம்மா விளையாட்டு. கொட்டாங்கச்சியில் மண்சோறு தயார்.

"ஏங்க, சாப்பிட வாங்க!" என்றாள் ஒரு குட்டி அம்மா.

அப்பா வேஷம் போட்டிருந்த என் மகள், ஒரு கல்லைக் காதில் வைத்துக்கொண்டு, "ஒரு நிமிஷம், இதோ வர்றேன்!" என்றாள்.

வரவேயில்லை.

"இன்னும் எவ்ளோ நேரம்?"

"அப்பான்னா அப்படித்தான். நீங்க சாப்பிடுங்க."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை சார். ஆட்ட விதியைச் சொல்வதுபோலச் சொன்னாள். வாசலுக்கு வந்த என் மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை.

ராத்திரிப் பேச்சு பிராண்ட் ஐயா பக்கம் திரும்பியது. இதே கொல்லிமலையில், வாழவந்தி நாட்டில் ஊழியம் செய்தவர் ஜெஸ்ஸி பிராண்ட். வைத்தியம், பள்ளிக்கூடம், கட்டட வேலை, ஊர் ஊராக நடை என்று அவருக்கிருந்த வேலையில் பத்தில் ஒரு பங்குகூட எனக்குக் கிடையாது. ஆனாலும், 1914-ல் பிறந்த மகன் பாலைக் கூட்டிக்கொண்டு காட்டுக்குள் போய், கறையான் புற்றையும் பூச்சிகளையும் காட்டிக்கொண்டிருப்பாராம். பையன் மரத்தின் மேல் உட்கார்ந்துதான் பாடம் எழுதுவேன் என்றால், அம்மா எவலின் அதற்கும் சரி என்பாராம்!

1923-ல், ஒன்பது வயதில், பால் படிப்புக்காக இங்கிலாந்து போனார். 1929-ல் அப்பா இந்த மலையிலேயே காய்ச்சலில் இறந்துபோனார். இடையில் இருவரும் சந்திக்கவே இல்லை. பிற்பாடு வேலூரில் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்திய டாக்டர் பால் பிராண்ட், அந்தப் பையன்தான்.

படுத்தபடியே கணக்குப் போட்டேன். அவருக்கு அப்பாவோடு கிடைத்தது ஒன்பதே வருஷம். என் மகளுக்கு எட்டு முடிந்துவிட்டது.

எருசலேமுக்கு வரப்போகும் நல்ல காலத்துக்கு சகரியா தீர்க்கதரிசி சொல்லும் அடையாளம் என்ன தெரியுமோ? தெருவெல்லாம் பிள்ளைகள் விளையாடுவது. கமிட்டிக் கூட்டம் அல்ல! பிள்ளைகளைத் தடுத்த சீஷர்களை இயேசு கண்டித்தார் என்று ஞாயிறு பள்ளியில் நானே பாடம் எடுத்திருக்கிறேன். வீட்டில் தடுத்துக்கொண்டிருந்த சீஷன் நான்தான்.

மறுநாள் காலை மரத்தடிக்குப் போய், "எனக்கு என்ன வேஷம்?" என்றேன்.

மகள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அப்பா வேஷம் என்னுது. நீங்க பாப்பா."

சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். அந்த நேரம் பார்த்துத்தானா டவர் கிடைக்க வேண்டும்? சட்டைப் பையில் செல்போன் அலறியது. மகள் என் கையையே பார்த்தாள்.

எடுக்கவில்லை சார். மண்சோறு இரண்டு கொட்டாங்கச்சி சாப்பிட்டேன்.