விபிஎன் ஓடுது, பேர் வெளியே போகுது!

மக்களே, விபிஎன் பத்தி நிறைய பேர் எழுதியாச்சு. நான் சொல்லப்போறது அதுல உள்ள ஒரு ஓட்டை. லினக்ஸ் பக்கமே போகாதவங்க தாராளமா தாண்டிப் போகலாம் :-)

சென்னைக்காரருக்கு இணையம் தர்றது முகம் தெரியாத ஒரு கம்பெனி. எங்க ஆலங்குளத்துல அப்படியில்ல. வீட்டுக்குள்ள ஒயர் இழுத்துக் குடுத்தவரை மெயின்ரோட்டு டீக்கடையில தினமும் பார்க்கணும். நல்ல மனுஷன்தான், யாரு எதைப் பாக்காங்கன்னு நோண்டுற ஆளில்ல. ஆனா நோண்ட முடியும்ங்கறதே சிலருக்குத் தூக்கத்தைக் கெடுத்துடும்.

சொந்தக்காரப் பொண்ணு ஒருத்தி. கல்யாணமாகி ஆறு வருஷம். குழந்தைக்கான வைத்தியம் பத்தி ராத்திரியில தேடுவா. உபுண்டு லேப்டாப், காசு கட்டி வாங்குன விபிஎன். "அண்ணே, எந்த ஆஸ்பத்திரியப் பாக்கேன்னு வெளிய தெரியாதுல்லா?"ன்னு கேட்டா. டிசிபிடம்ப்பை ஓட்டி, வைஃபையில 53-ஆம் போர்ட்டை மட்டும் பார்த்தோம். விபிஎன் ஓடிட்டுத்தான் இருக்கு. ஆனா ஆஸ்பத்திரி பேரு எழுத்து பிசகாம வந்து விழுது!

ஒரு தளத்துக்குப் போகுமுன்ன அதோட ஐபி முகவரி என்னன்னு டிஎன்எஸ்கிட்ட கேட்கணும். சாதாரண டிஎன்எஸ் கேள்வி தபால் கார்டு மாதிரி, வழியில யாரும் படிக்கலாம். உபுண்டுல இந்த வேலையைப் பார்க்கிறது சிஸ்டம்டி-ரிசால்வ்டு. அது வைஃபைக்கு ஒரு டிஎன்எஸ், விபிஎன்னுக்கு ஒண்ணுன்னு தனித்தனியா வச்சிருக்கும். யாருக்கு முதல் மரியாதைன்னு சொல்லலேன்னா ரெண்டு பேர்கிட்டயும் கேட்டுடும். ஓப்பன்விபிஎன்னை முனையத்துல கையால ஓட்டுறவங்க இன்னும் உஷாரா இருக்கணும். 2.6 வரைக்குமான பதிப்புகள்ல சர்வர் அனுப்புற டிஎன்எஸ் லினக்ஸ்ல தானா அமையாது, தனி ஸ்கிரிப்ட் வேணும்.

நெட்வொர்க்மேனேஜர்ல அந்த விபிஎன் இணைப்போட டிஎன்எஸ்-பிரியாரிட்டியை -50ன்னு வச்சோம். மைனஸ்ல குடுத்தா மத்த இணைப்போட டிஎன்எஸ்ஸை ஒதுக்கிடும். ரிசால்வ்டுகிட்ட நேரா சொல்றதுன்னா, விபிஎன் இடைமுகத்துக்கு டொமைனா டில்டு குறியும் புள்ளியும் (~.) குடுக்கணும். எல்லாப் பேரும் இந்த வழிதான்னு அர்த்தம். மறுபடி டிசிபிடம்ப். திரை காலி. அப்பாடா!

போன் ஹாட்ஸ்பாட்ல வர்றவங்க ஐபிவி6-ஐ மறந்துடாதீங்க. ஐபிவி4-ஐ மட்டும் சுமக்கிற விபிஎன்னா, அந்த வைஃபை இணைப்புல ஐபிவி6-ஐ நிறுத்தி வைக்கிறதுதான் நல்லது.

இனி கேள்வியெல்லாம் விபிஎன்காரர்கிட்ட போகும், அது வேற விஷயம். வாடிக்கையாளர் பேரு, முகவரியை 5 வருஷம் வச்சிருக்கணும்னு 2022 ஏப்ரல்ல செர்ட்-இன் உத்தரவு போட்டதும் எக்ஸ்பிரஸ்விபிஎன், சர்ஃப்ஷார்க், நார்ட்விபிஎன் எல்லாம் இந்தியாவுல இருந்த சர்வர்களை எடுத்துட்டாங்க. அவளுக்கு சிங்கப்பூர் சர்வர் போட்டுக் குடுத்திருக்கேன். வீடியோ கால்ல மட்டும் கொஞ்சம் திக்குதாம்.