மறுப்பதும் ஒரு தொடக்கம்தான்

தமிழ்வழியில் படித்துவிட்டுக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு ஆங்கிலம் கற்க எல்லோரும் ஒரே வழிகளைத்தான் சொல்வார்கள். தினமும் ஆங்கிலப் பேப்பர் படி, செய்தி கேள், கண்ணாடி முன்னால் நின்று பேசு. எனக்கு இவை எதுவும் உதவவில்லை. எனக்கு ஆங்கிலம் வந்தது சதுரங்கத் தொடக்க ஆட்டங்களைப் பற்றிய ஒரு பழைய புத்தகத்திலிருந்து. அண்ணனுக்காக வாங்கியது. அவன் நான்கு பக்கம் தாண்டவில்லை.

அந்தப் புத்தகத்தில் நகர்வுகள் எழுத்தும் எண்ணுமாக இருக்கும். அவற்றைப் படிக்க ஆங்கில அறிவு தேவையில்லை. கீழே ஓரிரு வரி விளக்கம் இருக்கும். பலகையில் காயை நகர்த்திவிட்டு அந்த வரியைப் படித்தால், நடந்தது என்னவென்று கண்ணுக்கு முன்பே தெரிந்திருக்கும். சொல் மட்டும்தான் புதிது. 'த்ரெட்' என்றால் எதிராளியின் குதிரை என் ராணியைக் குறிவைத்து நிற்பது. 'பின்' என்றால் பின்னால் ராஜா இருப்பதால் முன்னால் நிற்கும் காய் அசைய முடியாமல் போவது. அகராதியில் பார்த்த சொற்கள் மறுநாளே மறந்துபோயின. பலகையில் பார்த்தவை மறக்கவில்லை. வகுப்பில் வாய் திறந்தால் என் உச்சரிப்புக்குச் சிரிப்பு எழும். பலகை சிரிக்கவில்லை.

சில சொற்கள் எனக்கு ஏற்கெனவே வேறு இடத்திலிருந்து தெரியும். எக்ஸ்சேஞ்ச் என்றால் வேலைக்குப் பதிந்துவைக்கும் எம்ப்ளாய்மென்ட் எக்ஸ்சேஞ்ச். ப்ரமோஷன் என்றால் அப்பாவுக்கு வராமலே போனது. பேக்வர்ட் என்பது சான்றிதழில் இருக்கும் சொல். தமிழ்வழி மாணவிகளைப் பற்றி ஆசிரியர்கள் தங்களுக்குள் பேசும்போதும் அதே சொல் காதில் விழும். சதுரங்கத்தில் 'பேக்வர்ட் பான்' என்று ஒன்று உண்டு. பக்கத்துச் சிப்பாய்கள் முன்னே போய்விட்டன. துணைக்கு யாரும் இல்லை. முன்னால் உள்ள கட்டமோ எதிராளியின் பிடியில். அதனால் நின்ற இடத்திலேயே நிற்கும் சிப்பாய் அது. மற்ற சிப்பாய்களுக்கு இருக்கும் அதே பலம் அதற்கும் உண்டு, குறை அது நிற்கும் நிலையில்தான். இதைப் படித்த பிறகு வகுப்பில் அந்தச் சொல் என்மேல் விழுந்தபோது முன்போல வலிக்கவில்லை.

புத்தகத்தில் அடிக்கடி வந்த இன்னொரு சொல் 'ஈக்வாலிட்டி'. சதுரங்கத்தில் வெள்ளைதான் முதலில் ஆடும். அந்த ஒரு நகர்வே அதற்குச் சாதகம். எனவே தொடக்கத்தில் கறுப்பின் முதல் வேலை சமநிலைக்கு வருவது. பன்னிரண்டு, பதினைந்து நகர்வுகளுக்குப் பிறகு, 'கறுப்பு சமநிலையை அடைந்துவிட்டது' என்று ஒரு வரி வரும். சமத்துவம் என்பதை அதுவரை பாடப்புத்தகத்தில் வரும் ஒரு பெருமைக்குரிய சொல்லாகத்தான் அறிந்திருந்தேன். ஒருவர் ஒரு நகர்வு முன்னால் தொடங்கியிருக்கிறார் என்று ஒப்புக்கொண்டு, அந்த இடைவெளியை நகர்வு நகர்வாகக் குறைக்கும் வேலை அது என்று எந்தப் பாடமும் சொல்லவில்லை.

அந்தப் புத்தகத்தில் ஆடுபவர் எப்போதும் 'ஹீ'தான். உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயின் விதிகளின் முன்னுரையில், 'ஹீ' என்று வரும் இடமெல்லாம் 'ஷீ'யையும் குறிக்கும் என்று ஒரு குறிப்பே இருக்கிறது. நமக்கு ஒரு குறிப்பு போதும் என்று நினைத்திருக்கிறார்கள். மனதுக்குள் தமிழில் சொல்லிப் பார்க்கும்போது எனக்கு அந்தக் குறிப்பு தேவைப்படவில்லை. வினைமுற்றில் பால் காட்டும் மொழி நம்முடையது. 'கறுப்பு குதிரையை வெளியே கொண்டுவருகிறாள்' என்று படித்தேன். ஆட்டம் நன்றாகவே நடந்தது. வெளியே நிலைமை வேறு. 2023 டிசம்பரில் சென்னையைச் சேர்ந்த வைஷாலி கிராண்ட்மாஸ்டர் ஆனார். கோனேரு ஹம்பி, ஹரிகா துரோணவல்லிக்குப் பிறகு இந்தியாவில் மூன்றாவது பெண். அப்போதும் பலர் அவரைப் பிரக்ஞானந்தாவின் அக்கா என்றே அறிமுகப்படுத்தினார்கள். அக்கா ஆடுவதைப் பார்த்துத்தான் தம்பி ஆட வந்தார் என்பது பின்னால் போய்விட்டது.

ராணியின் கதையும் இதோடு சேர்ந்ததுதான். அரேபியாவிலும் பாரசீகத்திலும் ராஜாவின் பக்கத்தில் நின்றது மந்திரி. குறுக்காக ஒரே ஒரு கட்டம் நகரும் எளிய காய். ஐரோப்பாவுக்குப் போனதும் அது ராணியானது. 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் அவளுக்கு இன்றைய பலம் முழுதும் கிடைத்தது. அந்தப் புதிய ஆட்டத்துக்கு பிரான்சில் வைத்த பெயர் 'வெறிபிடித்த சீமாட்டியின் சதுரங்கம்'. எல்லாத் திசையிலும் போகிற பெண்ணுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்?

எனக்கு மிகவும் பயன்பட்ட சொல் 'டிக்ளைன்'. குயின்ஸ் கேம்பிட் என்ற தொடக்கத்தில் வெள்ளை இரண்டாவது நகர்விலேயே ஒரு சிப்பாயைக் கொடுக்க முன்வருகிறது. இலவசம் போலத் தெரியும். எடுத்துக்கொண்டால் கறுப்பின் சிப்பாய் நடுப்பலகையை விட்டு விலகும், நடுப்பகுதி வெள்ளையின் கைக்குப் போகும். கிடைத்த சிப்பாயைக் கடைசிவரை காப்பாற்றுவதும் கடினம். ஏற்கலாம், மறுக்கலாம். மறுப்பதற்கென்றே தனிப் பெயரும் தனி அத்தியாயமும் உண்டு: 'குயின்ஸ் கேம்பிட் டிக்ளைன்டு'. மறுப்பதைத் திமிர் என்றோ அவமரியாதை என்றோ அங்கே யாரும் சொல்வதில்லை. அதுவும் மதிக்கப்படும் ஒரு தொடக்கம்.

வேலையில் சேர்ந்த இரண்டாம் ஆண்டில் வெளிநாட்டு வரன் ஒன்று வந்தது. அவர் ஆங்கிலத்தில் மின்னஞ்சல் அனுப்பினார். நீ வேலைக்குப் போகத் தேவையில்லை, உனக்கு எந்தக் குறையும் வைக்க மாட்டேன் என்று பணிவாகவே எழுதியிருந்தார். வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. எனக்கு அந்தச் சிப்பாய்தான் கண்ணில் பட்டது. மூன்று வரியில் பதில் எழுதினேன். உங்கள் விருப்பத்தைப் பற்றி யோசித்தேன். ஐ டிக்ளைன். நன்றி. தமிழில் அந்த வரியை எழுதியிருந்தால் 'மன்னிக்கவும்' என்று தொடங்கி, காரணங்களை அடுக்கி, அப்பா அம்மாவை இழுத்து முடித்திருப்பேன். அப்படித்தான் நமக்குப் பழக்கியிருக்கிறார்கள்.

மறுப்புக்கு விலை உண்டு. அதையும் அந்தப் புத்தகம் மறைக்கவில்லை. அந்தத் தொடக்கத்தில் கறுப்பின் மந்திரி ஒன்று சொந்தச் சிப்பாய்க்குப் பின்னால் அடைபட்டு நிற்கும், வெளியே வர நாளாகும். எங்கள் வீட்டில் ஓராண்டு அம்மா என்னோடு சரியாகப் பேசவில்லை. சித்திகள் விசேஷங்களுக்குக் கூப்பிடவில்லை. பொறுத்திருந்தேன். வேலை என் கையில் இருந்தது.

இப்போது என்னிடம் ஆங்கிலம் கற்க வழி கேட்கும் மாணவிகளிடம் சதுரங்கம் ஆடுங்கள் என்று நான் சொல்வதில்லை. உங்களுக்கு ஏற்கெனவே கைவந்த ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறேன். கபடி, தையல், கோலம், பைக் ரிப்பேர் எதுவானாலும் சரி. அதைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதியிருப்பதைப் படியுங்கள். விஷயம் உங்களுக்குத் தெரியும், சொல்தான் தெரியாது. தெரிந்தவளாக உட்கார்ந்து கற்பதற்கும் தெரியாதவளாக நின்று கற்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது.