மூன்று மூட்டை

கந்தல் துணிக்குத் தமிழ் இலக்கியத்தில் நல்ல நல்ல சொற்கள் இருக்கின்றன. எம்.ஏ. தமிழ் படித்தபோது பொருநராற்றுப்படையில் 'சிதார்' என்ற சொல்லைப் பார்த்தேன். வேர்வையில் நனைந்து, ஈரும் பேனும் குடியிருந்து, வேறு வேறு நூல் நுழைத்து ஒட்டுப்போட்ட துணி. கரிகாலன் அதைக் களையச் சொல்லிவிட்டுப் பாம்புச் சட்டை மாதிரி மெல்லிய துணியைக் கொடுக்கிறான். வகுப்பில் கரிகாலனின் கொடைச் சிறப்பு பற்றி ஒரு மணி நேரம் பாடம் நடந்தது. அந்தச் சிதாரை அத்தனை நாள் ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டுக் காப்பாற்றிய கை யாருடையது என்று பாடத்தில் வரவில்லை. சிலப்பதிகாரத்தில் மருவூர்ப்பாக்கத்துத் தொழிலாளிகளைச் சொல்லும்போது துணி தைக்கிற துன்னகாரரையும் தோல் தைக்கிறவரையும் அடுத்தடுத்து நிறுத்துகிறார் இளங்கோ. ஊசி பிடிக்கிற இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்தில். பிற்பாடு ஒருத்தர் 'டெய்லர்' ஆனார், இன்னொருத்தர் என்ன ஆனார் என்று நமக்குத் தெரியும்.

கந்தலை நமக்கு விதியாகவே எழுதிவைத்தவனும் உண்டு. மனுஸ்மிருதி பத்தாம் அத்தியாயம், 52ஆம் சுலோகம். சண்டாளர் பிணத்தின் துணியை உடுத்த வேண்டும், உடைந்த சட்டியில் தின்ன வேண்டும். 1927 டிசம்பர் 25 அன்று மகாத்தில் அம்பேத்கர் அந்தப் புத்தகத்தைக் கொளுத்தினார். அந்த மாநாட்டுச் சமயத்தில் பெண்களிடம் தனியாகவும் பேசினார். சாதிக்காரப் பெண்கள் கட்டுகிற மாதிரி சேலை கட்டுங்கள், துணியில் ஒட்டு நிறைய இருந்தாலும் பரவாயில்லை, சுத்தமாக இருக்கட்டும் என்ற பொருளில் அவர் சொன்னதைத் தனஞ்செய் கீர் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் படித்தேன். ஒட்டு என்பதை அவர் ஒரு குறையாக எடுக்கவில்லை. எனக்கு இது முக்கியம். ஏனென்றால் ஒரு வருசமாக எங்கள் வீட்டில் எனக்கும் எங்கம்மாவுக்கும் நடக்கிற சண்டையே ஒட்டுத் துணியைப் பற்றித்தான்.

விசயம் இதுதான். கொடுங்கையூரில் எங்கள் வீட்டுப் பரணில் மூன்று மூட்டை துணி இருக்கிறது. ஒன்று அம்மாவுடையது. கல்யாணத்துக்கு முன்னாலும் பின்னாலும் அம்மா ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் பிசிறு வெட்டியது, காஜா எடுத்தது, அப்புறம் வீட்டிலேயே மெஷின் போட்டு இருபது வருசம் ஜாக்கெட் தைத்தது. அதில் மிஞ்சிய பிட்டுகள், லைனிங் துண்டுகள், பால்ஸ் முனைகள். இரண்டாவது மூட்டையில் பழைய சேலை, நைட்டி, தம்பியின் சட்டை, பள்ளிக்கூட யூனிபாரம். மூன்றாவது ஆயாவுடையது. அது மூட்டைகூட இல்லை. பாதி தைத்து நிறுத்திய ஒரு போர்வையைச் சுருட்டி, மிச்சத் துணியை அதற்குள்ளேயே வைத்துக் கட்டியிருக்கிறார்.

போன வருசம் தை மாதம் டைரியில் எழுதினேன். அடுத்த டிசம்பர் 6க்குள் மூன்று போர்வை முடிக்க வேண்டும். அதுவரை கடையில் புதுத் துணி ஒரு மீட்டர்கூட வாங்கக் கூடாது, நூலும் ஊசியும் தவிர. ஒரு போர்வையை முடித்து ஓரம் அடித்தபிறகுதான் அடுத்ததைத் தொட வேண்டும். கூட்டம், மறியல், கோர்ட்டு, கலெக்டர் ஆபீஸ் என்று அலைகிறவளுக்கு இதெல்லாம் எதற்கு என்று தோழர்கள் சிரித்தார்கள். ஒரு தோழர், ஆண்தான், "நேரத்தை உபயோகமா செலவு பண்ணலாமே தோழர்" என்றார். அவர் போர்த்திக்கொண்டு தூங்குகிற போர்வையைத் துவைக்கிறது யார் என்று கேட்டேன். பதில் வரவில்லை.

தைக்கிறவர்களுக்காகக் கணக்கைச் சொல்கிறேன். ஒரு பருத்திச் சேலை ஐந்தரை மீட்டர். அதை மூன்றாக மடித்தால் நீளம் ஆறடி, அகலம் நாலடிக்கு ஒரு விரல் குறைவு. ஓர் ஆள் போர்த்துகிற அளவு தன்னாலேயே வந்துவிடுகிறது, கத்தரிக்கோலே வேண்டாம். ஆயாவுக்கு இஞ்சு டேப் தெரியாது, இந்த மடிப்பு தெரியும். அதன் மேலே துண்டுகளை ஒட்டுப்போட வேண்டும். நாலு இஞ்சு கட்டம் என்று வைத்தால் நீளத்தில் பதினெட்டு, அகலத்தில் பன்னிரண்டு, மொத்தம் 216 கட்டம். சுற்றிலும் தையலுக்கு அரை இஞ்சு விட வேண்டும் என்பதால் ஐந்து இஞ்சாக வெட்ட வேண்டும். ஒரு ராத்திரிக்கு ஆறு கட்டம் இணைத்தால் முப்பத்தாறு ராத்திரி. அப்புறம் எல்லாம் சேர்த்து ஓட்டுத் தையல். அதுதான் இடுப்பை ஒடிக்கிறது. பாலியெஸ்டரையும் பருத்தியையும் கலக்கக் கூடாது. துவைத்தால் ஒன்று சுருங்கும், ஒன்று நிற்கும், போர்வை முழுக்கக் கொப்பளம் கொப்பளமாக எழும்பும். அம்மாவின் மூட்டையில் பாதிக்குமேல் பாலியெஸ்டர். அதைப் பிரித்துக் கால்மிதிக்குப் பின்னிவிட்டேன்.

ஒரு நாள் இதையெல்லாம் கூடத்தில் பரப்பி வைத்திருந்தபோது அம்மா வந்து நின்றது.

"இன்னாடி இது, எம்.ஏ. படிச்சிட்டு கந்தல பரப்பிக்கினு குந்திக்கினு கீற?"

"போர்வ தைக்கிறேம்மா."

"கடைல ஐந்நூறு ரூபாய்க்கு விக்குது போர்வ. ஒட்டுப்போட்ட பாவாட கட்டிக்கினு இஸ்கூலுக்குப் போனவ நானு. பின்னால குந்திக்கினு இருந்ததுங்க ஒட்ட எண்ணும். ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு. உனுக்கு ஒரு ஒட்டு உண்டா? சொல்லு, ஒரு நாள் ஒட்டுப்போட்ட துணி கட்ட வுட்டனா?"

விடவில்லை, உண்மைதான். கிழிந்த துணியை அம்மா தைத்துக் கொடுத்ததே கிடையாது. ஊருக்கெல்லாம் தைக்கிற கை, பெற்ற பிள்ளைக்கு ஒட்டுப் போடாது. எங்கிருந்தாவது கடன் வாங்கிப் புதுசு எடுக்கும். இந்தப் பிடிவாதத்துக்குள் இருப்பது என்ன என்று எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

கொடுங்கையூர் என்றால் சென்னையில் மற்றவர்களுக்குக் குப்பைமேடுதான் ஞாபகம் வரும். ஆட்டோவில் ஏறி ஊர்ப் பேரைச் சொன்னால் மூக்கைச் சுளிக்கிற டிரைவர்கள் உண்டு. நகரத்தின் வடபாதி கழித்துப்போட்டதெல்லாம் இங்கே மலையாய் நிற்கிறது. எழில் நகர்ப் பக்கத்துப் பெண்களும் பிள்ளைகளும் அதில் பொறுக்கிப் பிழைத்தார்கள். இரும்புக்கு ஒரு விலை, பிளாஸ்டிக்குக்கு ஒரு விலை. துணிக்கு விலையே இல்லை. ஈரத் துணி கனம்தான், காசு கிடையாது. 2024 மார்ச்சில் தொடங்கிய வட சென்னை வளர்ச்சித் திட்டத்தில் அந்த மேட்டைத் தோண்டிப் பிரிக்கிற பயோமைனிங்கும் ஒரு வேலை. தோண்டிச் சலித்தால் மண் ஒரு பக்கம், எரியக்கூடியது ஒரு பக்கம். பிளாஸ்டிக்கும் துணியும் எரியக்கூடியதில் சேர்ந்து சிமெண்டு ஆலைச் சூளைக்குப் போகும். இந்தப் பக்கம் குப்பை எரிஉலை வரப்போகிறது என்று 2025 மே மாதம் சனங்கள் மனிதச் சங்கிலியாக நின்றோம். ஊரார் உடுத்திக் கழித்த துணியின் புகையை நாங்கள் மூச்சாக இழுக்க வேண்டுமாம். பிணத்தின் துணியை உடுத்தச் சொன்னவனுக்கும் இதற்கும் நடுவில் எத்தனை தூரம் இருக்கிறது என்று சங்கிலியில் நின்றுகொண்டே யோசித்தேன். பக்கத்தில் நின்ற அக்காவிடம் சொன்னேன். "அவன் உடுத்தத்தானே சொன்னான், இவுங்க சுவாசிக்கச் சொல்றாங்க" என்றது.

ஆனால் குப்பையில் கிடந்த துணிக்கு வேறொரு கதையும் இருக்கிறது. புத்தரின் பிக்குகள் குப்பைமேட்டிலும் சுடுகாட்டிலும் கிடந்த துணிகளைப் பொறுக்கி, துவைத்து, சாயம் ஏற்றி, ஒட்டுப்போட்டு உடுத்தினார்கள். பாம்சுகூலம் என்று பெயர். மகத நாட்டு வயல்கள் வரப்பு வரப்பாகப் பிரிந்து கிடப்பதைப் பார்த்து, அதே மாதிரி சீவரத்தைத் தைக்க முடியுமா என்று ஆனந்தரைப் புத்தர் கேட்டதாக விநயத்தில் வருகிறது. அதனால்தான் இன்றைக்கும் சீவரம் ஒரே துணியாக இருப்பதில்லை, துண்டுகளாக வெட்டி இணைத்ததாகவே இருக்கிறது. அரசகுமாரன் கந்தலைத் தேர்ந்தெடுத்தான், அது துறவு. எங்கம்மாவுக்குத் தேர்ந்தெடுக்க ஒன்றுமில்லை, அது வறுமை. இதைச் சொன்னபோது அம்மா கேட்டது ஒரே கேள்விதான்: "அந்தத் துணிய அவுரு தைச்சாரா, வேற ஆள் தைச்சானா?" ஆனந்தர் தைத்தார் என்றேன். "அதான பாத்தேன்" என்று எழுந்து போய்விட்டது.

நகரத்தின் தெற்கே ஒரு கண்காட்சிக்குப் போயிருந்தேன். ஒட்டுப்போட்ட போர்வை ஒன்றைச் சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்டிருந்தார்கள். விலை பதினெட்டாயிரம். கழிவிலிருந்து கலை என்று கீழே அட்டை. வடிவமைத்தவர் பெயர் இருந்தது. தைத்தவர் பெயர் இல்லை. தையலைக் கிட்டப் போய்ப் பார்த்தேன். ஒரே ஆள் தைத்ததில்லை. மூன்று பேர் கையாவது இருக்கும். ஒருத்தி நெருக்கித் தைப்பவள், ஒருத்தி அவசரக்காரி, ஒருத்திக்குப் பார்வை மங்கிக்கொண்டிருக்கிறது.

அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்டு என்று ஓர் ஊர். ஆற்று வளைவுக்குள் மாட்டிக்கொண்ட கறுப்பு மக்களின் ஊர். அடிமைகளாக அங்கே பருத்தித் தோட்டத்துக்குக் கொண்டுவரப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள். ஓட்டுரிமை கேட்டு எதிர்க்கரைக்குப் போகிறார்கள் என்றதும் 1962இல் படகை நிறுத்திவிட்டார்கள். மறுபடி படகு ஓடியது 2006இல். அந்த ஊர்ப் பெண்களும் அக்கம்பக்கத்துப் பெண்களும் சேர்ந்து 1966இல் போர்வை தைக்கிற கூட்டுறவு ஒன்றைத் தொடங்கினார்கள். சியர்ஸ் கம்பெனிக்குக் கார்டுராய் துணியில் தலையணை உறை தைத்துக் கொடுத்து, வெட்டி மிஞ்சிய கார்டுராயை வீட்டுக்கு எடுத்துப்போய்த் தங்களுக்குப் போர்வை தைத்தார்கள். எங்கம்மாவின் முதல் மூட்டை மாதிரியே. 2002இல் நியூயார்க் விட்னி மியூசியத்தில் அந்தப் போர்வைகள் தொங்கின. பெயர்களோடு தொங்கின. அதில் மிசூரி பெட்வே 1942இல் தைத்த ஒன்று இருக்கிறது. புருசன் செத்தபிறகு அவர் வயலில் போட்டுழைத்த உடுப்புகளைக் கிழித்துத் தைத்தது. அவர் நினைவாகவும், அன்புக்காக அதன் அடியில் போர்த்திப் படுக்கவும்.

இந்தப் படத்தைப் பார்த்தபிறகுதான் ஆயாவின் மூட்டையைப் பிரித்தேன். காக்கி. முழுக்கக் காக்கி. தாத்தா பி அண்டு சி மில்லில் வேலை பார்த்தவர். பக்கிங்காம் மில் 1876இல், கர்நாட்டிக் மில் 1881இல் வந்தவை, பிறகு ஒன்றாகின. காக்கிக்குப் பேர்போன மில். 1921 வேலைநிறுத்தத்தில் நம்ம சனத்தைக் கருங்காலி என்று சொல்லி, புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. அதைப் பற்றி நம்ம பக்கத்தில் நின்று பேசியவர் எம்.சி. ராஜா. தொழிற்சங்க வரலாறு எழுதுகிறவர்கள் அந்தப் பக்கத்தை இன்றைக்கும் வேகமாகத்தான் புரட்டுகிறார்கள். 1996இல் மில் மூடியது. மூன்று வருசத்தில் தாத்தா போய்ச் சேர்ந்தார். அவருடைய காக்கிச் சட்டைகளையும் கால்சட்டைகளையும் பிரித்து ஆயா தைக்க ஆரம்பித்த போர்வை இது. பாக்கெட் இருந்த இடம் மட்டும் வெளுக்காமல் கருங்காக்கியாகச் சதுரமாகத் தெரிகிறது. நடுநடுவே ஆயாவின் சிவப்புச் சுங்கடிச் சேலைத் துண்டு. மெத்தென்று இருக்கிற வெள்ளை வேட்டித் துணி எதுவும் இதில் இல்லை. அதெல்லாம் வீட்டுப் பெண்களின் மாதவிலக்குத் துணிக்குப் போயிருக்கும். போர்வைக்கு மிஞ்சியதுதான் வந்தது.

அம்மா இதைத் தூக்கிப் போடு என்றது. "செத்தவங்க துணி வூட்ல வேணாம்." நான் மனுவைச் சொன்னேன், 52ஆம் சுலோகத்தைச் சொன்னேன். அவன் உடுத்தியே ஆகணும்னு சொன்னதுக்கும், ஆயா தானா உக்காந்து தைச்சதுக்கும் வித்தியாசம் இருக்கும்மா என்றேன். அம்மா கேட்டுக்கொண்டிருந்தது. "உங்க ஆயா எதுக்குத் தைச்சிச்சின்னு உனுக்குத் தெரியுமா?" என்றது. "அந்த வருசம் மய. வூட்ல இருந்தது ஒரே போர்வ. அதுவும் அவுருகூடப் போச்சி. புள்ளைங்க குளுர்ல கெடந்துச்சிங்க. ஞாபகம்னு ஒண்ணும் இல்ல, போத்திக்க இல்ல." கொஞ்ச நேரம் கழித்து, "ஞாபகமும்தான்" என்றது.

டிசம்பர் 6 வந்தபோது இரண்டு போர்வை முடிந்திருந்தது. ஒன்றைத் தெருக்கோடி வீட்டுக் கைப்பிள்ளைக்காரிக்குக் கொடுத்தேன். இன்னொன்று என் கட்டிலில். கர்நாடகத்து சித்திப் பெண்கள் தங்கள் போர்வையின் நாலு மூலையிலும் முக்கோணமாக மடித்த பூ ஒன்று வைத்து முடிப்பார்களாம், அது இல்லாவிட்டால் போர்வை அம்மணமாக இருக்கிறது என்பார்களாம். என்னுடையதிலும் வைத்தேன்.

ஆயாவின் காக்கி இன்னும் முடியவில்லை. கெடுவைச் சித்திரைக்கு, ஏப்ரல் 14க்குத் தள்ளி எழுதியிருக்கிறேன். 216 கட்டத்தில் ஆயா தைத்தது 130. சுருட்டி வைத்திருந்த துணியில் எண்பது தேறும். ஆறு கட்டத்துக்குக் காக்கி இல்லை. புதுத் துணி வாங்குவதில்லை என்று எழுதியிருக்கிறேன். போன வாரம் பரணில் எதையோ தேடிக்கொண்டிருந்த அம்மா, எக்ஸ்போர்ட் கம்பெனியில் போட்டிருந்த பழைய ஓவர்கோட்டை எடுத்து என் மெஷின் மேல் போட்டுவிட்டுப் போயிருக்கிறது. நீல நிறம். முழங்கைப் பக்கம் இத்துப்போயிருக்கிறது, முதுகு நன்றாக இருக்கிறது. ஆறு கட்டம் தாராளமாக வரும்.