பூஜ்ஜியத்தைத் தேடி

அத்தானின் தொட்டியில் முதலில் வாடியது டார்ச் பவளம். நீரோட்டத்தில் விரல் நீளத்துக்கு ஆடிக்கொண்டிருந்த அதன் கைகள் பாதியாகச் சுருங்கி, பச்சை போய் வெளிறிவிட்டன. பின்னாலேயே ஹாமர் பவளமும் வெளுத்தது. கிளைவிடும் ஆக்ரோபோரா பவளத்தின் அடிப்பக்கத்தில் தசை உரிந்து வெள்ளை எலும்பு தெரிய ஆரம்பித்தது. சிங்கப்பூர் ஜூரோங் வெஸ்டில் அடுக்குமாடி வீட்டுக் கூடத்தில் இருக்கும் தொட்டி அது. அக்காள் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அதன் முன்னால்தான் நான் உட்காருவேன்.

"தண்ணியப் பாரு தம்பி, எவ்வளவு சுத்தமா இருக்கு! இதுக்கு மேல இதுங்களுக்கு என்னதான் வேணும்?" என்றார் அத்தான்.

தண்ணீர் உண்மையிலேயே அத்தனை தெளிவு. நான் தொடங்கியது அந்தக் கேள்வியிலிருந்துதான்.

வெளுத்த பவளம் வேறு, செத்த பவளம் வேறு. பவளத்தின் தசைக்குள் நுண்ணிய பாசிகள் கோடிக்கணக்கில் குடியிருக்கின்றன. அவை வெளியேறிவிட்டால் நிறம் போகும். தசை மட்டும் கண்ணாடியாக எலும்பின் மேல் ஒட்டியிருக்கும். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் வாய் தெரியும், கைகள் அசையும். அந்த நிலையில் இருப்பதைப் பிழைக்க வைக்கலாம். தசையே முழுவதும் உரிந்து போனதைப் பிழைக்க வைக்க முடியாது. டார்ச்சும் ஹாமரும் முதல் வகை. ஆக்ரோபோரா இரண்டுக்கும் நடுவில் தவித்தது.

வழக்கமாகச் சந்தேகிக்க வேண்டியவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தோம். உப்பளவுக் கருவியை வெறும் தண்ணீரில் சரிபார்த்தால் போதாது என்பதால், 35 அளவுள்ள கரைசலை வாங்கிச் சரிபார்த்தோம். உப்பு சரியாக இருந்தது. சில்லர் வெப்பத்தை 26 டிகிரியில் நிறுத்தியிருந்தது. காரத்தன்மை 8.5 டிகேஹெச், கால்சியம் 420, மெக்னீசியம் 1300: குறை சொல்ல இடமில்லை. இங்கே குழாய்த் தண்ணீரில் குளோரமின் கலந்திருக்கும். அத்தான் கரியிலும் சவ்வூடு வடிகட்டியிலும் பிசின் குருணையிலும் வடித்த தண்ணீரைத்தான் ஊற்றுகிறார். செம்பு துளியும் இல்லை. ஆக்ரோபோராவை அயோடின் கரைசலில் முக்கி, கிண்ணத்தில் உதிர்ந்ததைத் தேடினோம். தசையைத் தின்னும் தட்டைப்புழுவும் இல்லை, சிவப்புப் பூச்சியும் இல்லை.

மிச்சம் இரண்டு எண்கள். நைட்ரேட் 15. பாஸ்பேட் 0.00.

மணலின் மேல் குமிழிகளோடு ஒரு பழுப்புக் கொழகொழப்பு படர்ந்திருந்தது. அதில் ஒரு சொட்டை எடுத்து நுண்ணோக்கியில் வைத்தேன். கண்ணீர்த்துளி வடிவச் செல்கள் ஒரு முனையில் கட்டுண்டு சுழன்றுகொண்டிருந்தன. ஆஸ்ட்ரியாப்சிஸ். பாஸ்பேட்டோ நைட்ரேட்டோ அறவே தீர்ந்துபோன தொட்டிகளில் மற்ற பாசிகள் ஒடுங்கிய இடத்தைப் பிடித்துக்கொள்ளும் உயிரி அது. அதைப் பார்த்ததும் என் சந்தேகம் அந்த 0.00 மேல் திரும்பியது.

அத்தானுக்கோ அந்த எண்தான் பெருமை. ஒரு குழாய் நிறைய இரும்பு ஆக்சைடு குருணை ஓடிக்கொண்டிருந்தது. பாஸ்பேட்டை உறிஞ்சுவதுதான் அதன் வேலை. "பூஜ்ஜியமா வச்சிருந்தா பவளம் நல்லா வளரும்னு எல்லாரும் சொல்றாங்களே" என்றார். கடைக்காரர் சொன்னார், பழகிய நண்பர்கள் சொன்னார்கள். யாரைக் கேட்டாலும் அதே பதில். ஆனால் அதை முதலில் சொன்னது யார்? எதைப் பார்த்துச் சொன்னார்? பழைய மீன் வளர்ப்பு இதழ்களையும் ஆய்வுக் கட்டுரைகளையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

வீட்டில் பவளம் வளர்த்த கதையின் ஆரம்பம் எங்களுக்கு அக்கம்பக்கம்தான். ஜகார்த்தாவில் லீ சின் எங் என்பவர் கடலிலிருந்து நுண்ணுயிர்கள் குடியிருக்கும் "உயிருள்ள பாறை"யை எடுத்துவந்து, வெயிலும் காற்றுக் குமிழியும் மட்டும் கொடுத்துத் தொட்டி வைத்தார். 1961-ல் ஓர் அமெரிக்க மீன் வளர்ப்பு இதழில் அதைப் பற்றி எழுதினார். அதில் பூஜ்ஜியம் பற்றிய பேச்சே இல்லை. அடுத்து ஜெர்மன் மொழி பேசுபவர்கள் வந்தார்கள். பீட்டர் வில்கென்ஸ் சுண்ணாம்புத் தண்ணீரைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தார். பெர்லினில் டீட்ரிச் ஸ்டூபரும் அவருடைய கூட்டாளிகளும் உயிர்ப்பாறை, அழுக்கை நுரையாக்கிப் பிரிக்கும் ஸ்கிம்மர், பிரகாசமான விளக்கு என்று ஒரு முறையை வகுத்தார்கள். ஸ்டூபரின் தொட்டியில் வளர்ந்த ஆக்ரோபோராவின் கிளைகள் பல நாட்டுத் தொட்டிகளுக்குப் போய்ச் சேர்ந்தன. அந்தக் காலத்துத் தொட்டிகளின் பெரிய நோய் அழுக்கு. வடிகட்டிகள் நைட்ரேட்டைக் குவித்தன, பச்சைப்பாசி பவளத்தை மூடியது. அதற்கு எதிராக "குறை, குறை" என்று அவர்கள் சொன்னது நியாயமே.

பாஸ்பேட் தனியாகக் குற்றவாளிக் கூண்டில் ஏறியது ஆய்வகத்தில். 1964-ல் கென்னத் சிம்கிஸ் பாஸ்பேட்டைப் படிக நஞ்சு என்றே வருணித்து ஒரு கட்டுரை எழுதினார். வளர்ந்துகொண்டிருக்கும் கால்சியம் கார்பனேட் படிகத்தில் அது ஒட்டிக்கொண்டு மேலே வளரவிடாமல் தடுக்கிறது என்பது சாரம். 1979-ல் கின்சியும் டேவிஸும் ஆஸ்திரேலியாவின் ஒன் ட்ரீ தீவில், பவளத்திட்டு ஒன்றில் மாதக்கணக்கில் உரம் ஊற்றிய சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். சுண்ணாம்பு படிவது பாதிக்கு மேல் குறைந்திருந்தது. பவளம் வளர்ப்பவர்களின் பயத்துக்கு வேர் இந்த இரண்டும்தான் என்று நினைக்கிறேன்.

ஆனால் அந்தச் சோதனையின் அளவைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவர்கள் கொடுத்த பாஸ்பேட் நம் வீட்டு அளவையில் ஏறக்குறைய 0.19 பிபிஎம். கூடவே நைட்ரஜனும் ஊற்றினார்கள். கூடினால் கெடுதல் என்பதற்கு அது சாட்சி, மறுக்கவில்லை. முழுக்க இல்லாமல் போனால் நல்லது என்று அதில் ஒரு வரிகூடக் கிடையாது. இருபது முப்பது ஆண்டுகளில் வாய்மொழியாகவே "குறை" என்பது "ஒழி" ஆகிவிட்டது. உறிஞ்சும் குருணை மலிவாகக் கிடைக்க ஆரம்பித்ததும் ஒழிப்பது சுலபமாகவும் ஆயிற்று.

"கடல்லயே பாஸ்பேட் இல்லையே தம்பி" என்பது அத்தானின் வாதம். பவளத்திட்டுக் கடலில் அளவு மிகக் குறைவு என்பது உண்மை. ஆனால் அந்தத் தண்ணீர் நிற்பதில்லை. இராப்பகலாகப் புதுத் தண்ணீரும் மிதவை உயிர்களும் வந்துகொண்டே இருக்கின்றன. மீன் கூட்டங்கள் மேலே நின்று கழிக்கின்றன. தொட்டியில் அந்த வரத்து இல்லை. அடுப்பு எரியாத வீடும் சுத்தமாகத்தான் இருக்கும்.

பாஸ்பேட் இல்லாவிட்டால் உள்ளே என்ன நடக்கிறது என்பதற்கு விடை இங்கிலாந்தில் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் இருந்தது. யோர்க் வீடென்மானும் செசிலியா டாஞ்செலோவும் அங்கே தொட்டிகளில் பவளம் வளர்த்தே ஆய்வு செய்கிறார்கள். நைட்ரஜன் நிறைய இருந்து பாஸ்பேட் இல்லாமல் போவதுதான் ஆபத்தான சேர்க்கை என்று 2013-ல் அவர்கள் குழு காட்டியது. நைட்ரஜன் கிடைப்பதால் பாசி பெருகிக்கொண்டே போகிறது. செல் சவ்வுக்குத் தேவையான பாஸ்பரஸ் இல்லாததால், கந்தகம் கலந்த கொழுப்பை வைத்து ஒட்டுப்போடுகிறது. அந்தச் சவ்வு வெளிச்சத்தையும் வெப்பத்தையும் தாங்குவதில்லை, பவளம் வெளுத்துவிடுகிறது. 2017-ல் அதே ஆய்வகத்தின் இன்னொரு கட்டுரை, டார்ச்சுக்கு நெருங்கிய உறவான யூஃபில்லியா ஒன்றை வைத்து இதையே உறுதிசெய்தது. சுமார் 0.03 பிபிஎம்முக்குக் கீழே பஞ்சம் தொடங்குகிறது என்று அதிலிருந்து எடுத்துக்கொண்டேன். நைட்ரேட் 15, பாஸ்பேட் 0.00: அத்தானின் தொட்டி அந்தக் கட்டுரையிலேயே இருந்தது.

மருத்துவம் பொறுமைக்கான வேலை. குருணையை ஒரேயடியாக எடுக்காமல் முதலில் பாதியாக்கி, பிறகு நிறுத்தினோம். மீன்களுக்குத் தீனி கூடியது. சோடியம் பாஸ்பேட்டைக் கரைத்துச் சொட்டுச் சொட்டாக விட்டோம். மாலையில் அளந்தால் எண் தெரியும், காலையில் மறுபடி பூஜ்ஜியம். காய்ந்து கிடந்த பாறையும் மணலும் தங்கள் பங்கை உறிஞ்சி நிறைந்த பிறகே தண்ணீரில் நிற்கும் என்று தெரிந்திருந்ததால் விடாமல் தொடர்ந்தோம். பாசி குறைந்த தசைக்குப் பழைய வெளிச்சம் கடுமை, விளக்கைத் தணித்தோம். இரவில் பம்பை நிறுத்தி, டார்ச்சின் வாயருகே மைசிஸ் இறால் துண்டை வைத்தோம். ஆஸ்ட்ரியாப்சிஸ் இரவில் மணலை விட்டு நீரில் மிதக்கும் என்பதால் புற ஊதா விளக்கு வழியாகத் தண்ணீரை ஓட்டினோம். காரத்தன்மையை 7.5-க்கு இறக்கினோம். பட்டினியில் இருக்கும் ஆக்ரோபோராவுக்குக் காரம் கூடினால் நுனி கருகும் என்பது அனுபவசாலிகள் சொல்லக் கேட்டது.

ஆக்ரோபோராவின் தாய்க்கொத்து பிழைக்கவில்லை. தசை உரியும் கோட்டுக்கு நன்றாக மேலே கிளைகளை வெட்டி, அயோடினில் முக்கி, சூப்பர் குளூ ஜெல்லால் பீங்கான் வில்லைகளில் ஒட்டியிருந்தோம். அவற்றில் சில வில்லையின் மேல் படர ஆரம்பித்திருக்கின்றன. டார்ச்சுக்கு முதலில் திரும்பிய நிறம் பச்சை அல்ல, அழகில்லாத பழுப்பு. அத்தானுக்கு முகம் வாடிவிட்டது. பாசி குடியேறினால் முதலில் பழுப்புதான் தெரியும், பச்சை பின்னால் வரும் என்று சொன்னேன். வந்தது. இப்போது பாஸ்பேட் 0.05-க்கும் 0.08-க்கும் நடுவில் நிற்கிறது. கண்ணாடியில் பச்சை படிகிறது. அதைத் துடைக்கும் வேலை கூடியிருக்கிறது.

(தமிழ்நாட்டில் இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: இந்தியாவில் கடினப் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை. மன்னார் வளைகுடாவில் ஒரு துண்டைக்கூட எடுக்கக் கூடாது, எடுக்கவும் வேண்டாம்.)

ஒரு கேள்வி மட்டும் எனக்கு மிச்சமிருந்தது. நாங்கள் தண்ணீரில் கரைத்த பாஸ்பேட் பாசிக்குப் போகிறது, சரி. பவளத்துக்கு அது எப்படிப் போய்ச் சேர்கிறது? இதைத் தேடினால் 1928-29-ல் சார்லஸ் மாரிஸ் யங் தலைமையில் ஆஸ்திரேலியாவின் லோ தீவுகளில் தங்கி ஆராய்ந்த குழுவிடம் போய் நிற்க வேண்டியிருக்கிறது. வெளிச்சமோ இரையோ இல்லாவிட்டால் பவளம் பாசியை வெளியேற்றுகிறது என்று அவர்கள் கண்டார்கள். பவளம் இரை பிடித்துத் தின்னும் பிராணி, தன் பாசியை அது செரிப்பதில்லை என்றார் யங். 1958-ல் மஸ்காட்டினும் ஹேண்டும் பாசி தயாரித்த உணவு கடல் சாமந்தியின் உடலுக்குள் போவதைக் கதிரியக்கக் கார்பனை வைத்துக் காட்டினார்கள். ஆனால் அது சர்க்கரை போன்ற கார்பன் உணவு. பாஸ்பரஸின் வழி விளங்கவில்லை.

2023-ல் அதே சவுத்தாம்ப்டன் குழு பதில் சொன்னது. இரையே கொடுக்காமல், கரைந்த நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் மட்டும் கொடுத்தபோதும் பவளங்கள் வளர்ந்தன. பெருகிய பாசியில் ஒரு பகுதியை அவை செரித்துக்கொள்கின்றன. சாகோஸ் தீவுக்கூட்டத்தில் இதற்குக் களச்சான்றும் கிடைத்தது. கடற்பறவைகள் அடையும் தீவுகளை ஒட்டி, எச்சத்தின் சத்து கடலில் கலக்கும் இடங்களில் ஆக்ரோபோரா வேகமாக வளர்ந்தது. எலிகள் புகுந்து பறவைகளை விரட்டிய தீவுகளின் பக்கம் அந்த வேகம் இல்லை.

இதை அத்தானிடம் சொன்னேன். மீன்களை எண்ணிப் பார்த்துவிட்டு, "அப்போ இன்னும் கொஞ்சம் குரோமிஸ் விடலாமா தம்பி?" என்றார். விடலாம் என்றேன், ஒவ்வொன்றாக விட்டு, நடுவில் பாஸ்பேட்டை அளந்து பார்த்துக்கொண்டே.