பாட்டனார் ஏடுகளும் பழைய கணினியும்

சென்ற கோடை விடுமுறையில் யான் திண்டுக்கல்லிலுள்ள எம் இல்லத்திற்குச் சென்றிருந்தபொழுது நேர்ந்த சங்கடமொன்றை நேயர்கட்கு உரைக்க விரும்புகின்றேன்.

என் அன்னையாரின் தந்தையார் இவ்வட்டாரத்துக் கிராமங்களில் உபதேசியாராக ஊழியஞ் செய்தவர். அவருடைய பிரசங்கக் குறிப்பேடுகள் செல்லரிக்கத் தொடங்கவே, எஞ்சிய தாள்களை என் தமையனார் படமெடுத்துப் பழைய கணினியொன்றிற் சேர்த்துவைத்தார். வேறு படி இல்லை. லினக்ஸில் இயங்கும் அக்கணினியிலுள்ள சாம்பா என்னும் மென்பொருளின் துணையால், வீட்டிலுள்ளார் தத்தம் கருவியிலிருந்தே அவற்றைத் திறந்து படித்து வந்தனர்.

யான் புதிதாக வாங்கிய மடிக்கணினியில் அவ்வேடுகள் திறக்கவில்லை. "அது பழுதாயிற்று, பழைய இரும்புக்குப் போட்டுவிடு" என்றார் சிற்றப்பா. அன்னையார் ஒன்றும் கூறாது அடுக்களைக்குட் சென்றுவிட்டார்.

பெங்களூரிலிருக்கும் தமையனாரைத் தொலைபேசியில் அழைத்தேன். "எதையும் மாற்றாதே தம்பி, முதலில் ஒவ்வொன்றாய்ப் பார்" என்றார். கம்பிகள் சரியாகவே இருந்தன. 192.168.1.10 என்னும் அதன் முகவரிக்குப் 'பிங்' அனுப்ப, உடனே மறுமொழி வந்தது. பரணிலிருந்த பழைய திரையை இறக்கி அக்கணினியோடு பொருத்திப் பார்த்தேன். ஏடுகள் யாவும் குறைவின்றி இருந்தன! உடனே பென் டிரைவில் ஒரு படி எடுத்துக்கொண்டேன்.

ஆயின் வழி அடைபட்டது ஏன்? மடிக்கணினி காட்டிய பிழைச்செய்தியை அப்பொழுதுதான் முழுவதும் படித்தேன். எஸ்.எம்.பி. என்னும் உரையாடல் நெறியின் முதற்பதிப்பைப் பழங்கணினி கேட்கிறதென்றும், அது பாதுகாப்பற்றதென்றும் அச்செய்தி கூறிற்று. 2017 மே மாதத்தில் வான்னாகிரை என்னும் தீநிரல் அம்முதற்பதிப்பிலிருந்த ஓட்டையின் வழியே பரவி, பிரிட்டனில் மருத்துவமனைகளையும் முடக்கிற்று. அவ்வாண்டு அக்டோபரில் வெளிவந்த விண்டோஸ் 10 பதிப்பு முதலாக மைக்ரோசாஃப்ட் அதனை இயல்பாக நிறுவுவதை விட்டுவிட்டது.

நிற்க. சாம்பா என்பதை நெல்லின் பெயரென்றே யான் நெடுநாள் எண்ணியிருந்தேன். 1992இல் ஆஸ்திரேலியாவில் இம்மென்பொருளை வெளியிட்ட ஆண்ட்ரூ டிரிட்ஜெல், பின்னர் எஸ், எம், பி என்னும் எழுத்துகள் அம்முறையே வரும் சொல்லை அகராதியில் தேடி இப்பெயரைத் தெரிந்தனராம். தமிழ் மாணவனாகிய எனக்கு மற்றவற்றினும் இச்செய்தியே இனித்தது.

மடிக்கணினியில் பழைய நெறியைத் திறந்துவிட்டால் அக்கணமே வேலை முடியும். "பூட்டுக்குப் பேர்போன ஊரிற் பிறந்து கதவைத் திறந்துபோடுவாயோ?" என்று தமையனார் தடுத்தார். எம்மிடமிருந்தது சாம்பா 3.6, அது இரண்டாம் பதிப்பையும் அறியும், ஆனால் பணித்தாலன்றி அதிற் பேசாது. அமைப்புக் கோப்பில் 'மேக்ஸ் புரோட்டோகால் = எஸ்எம்பி2' என ஒரு வரி சேர்க்கவேண்டும்; அவ்வளவே. யானோ அதனைப் பொதுப்பகுதியில் இடாது, ஏடுகளின் பகுதியில் இட்டு ஒரு மாலைப்பொழுதைப் பாழாக்கினேன். 'டெஸ்ட்பார்ம்' என்னும் சோதனைக் கட்டளையே என் பிழையைச் சுட்டிற்று.

வரியை இடம்மாற்றிச் சாம்பாவை மீண்டும் இயக்கினேன், ஏடுகள் திறந்தன. புதுப்பித்தல்கள் நின்றுபோன அக்கணினிக்குக் கிறிஸ்துமஸ் விடுமுறையில் புதிய லினக்ஸ் இடுவதாகத் தமையனார் வாக்களித்திருக்கிறார்.

அன்னையாரை அழைத்துக் காட்டினேன். பெரிய வெள்ளிப் பிரசங்கமொன்றின் ஓரத்திற் பென்சிலால் வரைந்த கோணற் பூவொன்று இருந்தது. "இது நான் கிறுக்கியது; அதற்காக அப்பாவிடம் அடியும் வாங்கினேன்" என்று கூறி, அன்னையார் நெடுநேரம் அப்பக்கத்தை மாற்றவிடவில்லை.